கரண்ட் ரூமில் இருமக் கூடாது

புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிற பிரிவில் ஹெல்பராக இருப்பதே பாரம். பன்றிக்காய்ச்சல் பரவிய நாட்களில் அந்த வேலை என்னைச் சந்தேகப் பிராணியாகவே ஆக்கிவிட்டது. துபாயில் ஆஸ்பத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். வெள்ளிக்கிழமை பூசையில் பக்கத்தில் யாராவது தும்மினால் என் கை ஜெபமாலையை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தும். வீட்டில் என் மகனோ கதவைப் பாதி திறந்துகொண்டே, "அம்மா, முதல்ல குளிச்சிட்டு வா" என்பான்.

குளிர்ந்த நெற்றி

வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து வேலு வருவார். பெரம்பலூர்க்காரர், சாரம் கட்டுகிற வேலை, தொண்டையில் கட்டி. ஒரு நாள் அவர் நெற்றியைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. வெளியே அந்த வெயில்! பையைப் பார்த்தேன், ஜில்லென்று ஒரு தண்ணீர் பாட்டில்.

"இதை நெத்தியில வெச்சு எடுத்தியா தம்பி?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தால் காய்ச்சலே இல்லை. பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"காய்ச்சல்னு தெரிஞ்சா கரண்ட்ட நிறுத்திருவீங்க. பாதியில நின்னா கட்டி திரும்ப வளரும்னு டாக்டரே சொன்னாருக்கா."

காணாமல் போன விபூதி

தொண்டைக்குக் கரண்ட் வைப்பவர்களுக்கு முகத்தோடு அச்செடுத்த பிளாஸ்டிக் வலை ஒன்று உண்டு. அதை மாட்டி மேஜையோடு பூட்டினால்தான் தலை அசையாது. ஆளுக்கு ஒன்று, பெயர் ஒட்டி அலமாரியில் இருக்கும்.

ஒரு நாள் வேலு தன் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுக்க மாட்டேன் என்றார். "இத வேற எவனோ போட்டிருக்கான்." அடையாளத்துக்கு உள்பக்கம் விபூதி பூசி வைத்தாராம், அதைக் காணோமாம். காய்ச்சல்காரன் யாரோ மாட்டியிருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம்.

"ஒவ்வொரு ஆளுக்கும் அப்புறம் மருந்து போட்டுத் துடைக்கிறது நான்தான் தம்பி. உன் மூஞ்சிக்கு அச்செடுத்தது, வேற யாருக்கும் பொருந்தாது" என்றேன். என் கழுத்துச் சிலுவையை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க துடைச்சது கிருமியையா, எங்க சாமியையாக்கா?"

தட்டு

பத்து நாள் போயிருக்கும், நிஜமாகவே காய்ச்சலோடு வந்தார். இருமலும் இருந்தது. கரண்ட்டால் தொண்டை புண்ணாகி வந்ததா, பன்றிக்காய்ச்சலா, யாருக்குத் தெரியும்? எங்கள் நர்ஸ் லீலா அவருக்கு மாஸ்க் மாட்டித் தனி அறையில் உட்கார வைத்தாள். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"உட்காரு தம்பி. யாரும் நிறுத்தல. உன்னைக் கடைசியா கூப்பிடுவோம். மத்தவங்களுக்கு ஒட்டக் கூடாதுல்ல, அப்புறம் ரூம் பூராத்தையும் கழுவணும்" என்றேன்.

"கேம்ப்லயும் இப்படித்தான்க்கா, 'கடைசியா சாப்பிடு'ன்னு சொல்லிட்டு என் தட்டையே ஒளிச்சு வெச்சிட்டாங்க."

கடைசி ஆள்

ஆனாலும் உட்கார்ந்தார். எல்லோரும் போன பிறகு கூப்பிட்டோம். லீலாவும் நானும் தலை முதல் கால்வரை மூடியிருந்தோம். கண் மட்டும் தெரிந்த எங்களைப் பார்த்து மனுஷர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"விபூதி வெச்சிருக்கியா தம்பி?" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். கரண்ட் படுவது தொண்டையில்தானே, நெற்றியில் பூசலாமா என்று லீலாவைப் பார்த்தேன், தலையாட்டினாள். மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிக்கொண்டு விபூதியை எடுத்து அவர் நெற்றிக்குக் கொண்டுபோனேன். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"க்ளவுஸ் மாத்துனீங்களாக்கா?"

மாற்றிக்கொண்டு வந்துதான் பூசினேன். வேலுவுக்கு ஒரு நாள்கூட நிற்காமல் கரண்ட் முடிந்தது, ஆனால் என்னை நம்பித்தான் அவர் படுத்தார் என்று சொன்னால் மாதாவே என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள்.