எகிப்தின் நஹல்

மொழிபெயர்ப்பாளர் நெஹோராய் அபுத்புல் தன் வாழ்நாளில் யாருடைய நிலத்திலும் ஒரு சாண் கூடப் பிடித்தவர் அல்ல. எருசலேமில் அவரும் மனைவி பெர்லாவும் குடியிருந்த இரண்டறை வீட்டில், துணி உலர்த்தும் பால்கனியின் பாதியைப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் வைத்து ஆக்கிரமித்திருந்தார். அதையே பொறுத்துக்கொண்டவர். ஆனாலும் ஒரு வசந்த காலத்தில், எகிப்தைப் பிடித்ததாகவும் சினாய்ப் பாலைவனத்தைத் தாரை வார்த்ததாகவும் ஒரே நாளில் இரண்டு குற்றச்சாட்டுகள் அவர்மேல் விழுந்தன. அவரது பிரதியில் பிழை திருத்தியவன் நான் என்பதால், நடந்தது எனக்குத் தெரியும்.

மொராக்கோவின் மெக்னேஸில் பிறந்து, பள்ளியில் பிரெஞ்சும் யூதத் தொழுகைக்கூடத்தில் எபிரேயமும் படித்தவர். ஓய்வுபெற்ற இலக்கண ஆசிரியர். பிரான்சிலிருந்து குடியேறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எங்கள் பதிப்பகம் வேதாகமத்தை எளிய பிரெஞ்சில் கொண்டுவந்தது. படைப்பு, வெள்ளம், தாவீது எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்கள். எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் எல்லைகளைச் சொல்லும் அதிகாரங்கள் மட்டும் மேசையில் கிடந்தன.

பதிப்பாசிரியர் ஓஃபிரா அவற்றை அவர் பக்கம் தள்ளினாள். "பயப்படாதீங்க வாத்தியாரே. அதை யாரும் படிக்கிறதே இல்ல."

அவர் படித்தார், அதுதான் வினை. அந்தப் பழைய எபிரேயத்தில் எல்லை சும்மா கிடக்காது. ஏறும், இறங்கும், வளையும், சுற்றிக்கொண்டு போகும், கடைசியில் கடலில் போய் முடியும். யூதா கோத்திரத்தின் எல்லை எங்கள் ஊர் வழியாகவே போகிறது. இன்னோமின் பள்ளத்தாக்கில் ஏறி எபூசியரின் தோளைத் தொடுகிறது; மலைச்சரிவுக்கு அந்த மொழியில் தோள் என்று பெயர். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெர்லாவையும் இழுத்துக்கொண்டு போனார்.

பாதி மேட்டில் பெர்லா உட்கார்ந்துவிட்டாள். "யோசுவா ஏறினாரா, எல்லை ஏறிச்சா?"

"எல்லைதான்."

"அதுக்கு முட்டி இல்ல. எனக்கு இருக்கு. நீ போய் உன் தோளைத் தொட்டுட்டு வா, நான் சாண்ட்விச் சாப்பிடறேன்."

அன்று மாலை சப்பாத் என்னும் ஓய்வுநாள் விருந்து மேசையில், எல்லை நடப்பதைப் பிரெஞ்சிலும் நடப்பதாகவே எழுதப்போகிறேன் என்று மனைவியிடம் அறிவித்தார். மீன் ஆறுகிறது என்றாள் அவள்.

சிக்கல் தெற்கு எல்லையில் வந்தது. அங்கே 'எகிப்தின் நஹல்' என்று இருக்கிறது. நஹல் என்றால் ஓடும் ஆறாகவும் இருக்கலாம், மழைக்கு மட்டும் நனையும் வறண்ட பள்ளமாகவும் இருக்கலாம். எபிரேயம் அதைப் பற்றிக் கவலைப்படாது. பிரெஞ்சு கவலைப்படும். பேராற்றுக்கு ஒரு சொல், ஆற்றுக்கு ஒரு சொல், ஓடைக்கு ஒரு சொல், பாய்ந்து வந்து காணாமல் போகும் காட்டாற்றுக்கு ஒரு சொல். ஒன்றை எடுத்தாக வேண்டும். நெஹோராய் காட்டாற்றை எடுத்தார். யாரையும் புண்படுத்தாத சொல் என்று நம்பினார்.

மறுஆய்வுக் குழுவில் இரண்டு பேர். யூத மதகுருவான ரப்பி வாக்னினுக்கு அது நைல் நதி. உரையாசிரியர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அத்தோடு தீர்ந்தது. ஓய்வுபெற்ற கர்னல் தீரோஷுக்கு அது ஓடை. நைல் என்றால் சினாய் முழுக்க நாட்டுக்குள் வந்துவிடும்; ஓடை என்றால் சினாயின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

"அதை நான் ஜீப்புல தாண்டியிருக்கேன்," என்றார் கர்னல். "சொட்டுத் தண்ணி இல்ல."

"நீங்க தாண்டினது வேற எதாவது இருக்கும்," என்றார் ரப்பி.

"கர்னல், உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமா?" என்று நெஹோராய் பணிவாகக் கேட்டார்.

"பிரெஞ்சு தெரியாது. எல்லை தெரியும்."

கூட்டம் கலைந்தது. யாரோ பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பத்திரிகை, 'பள்ளிப் புத்தகம் எகிப்து வரை நாட்டை நீட்டுகிறது' என்றது. மற்றொன்று, 'ஆண்டவர் கொடுத்ததை மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கொடுக்கிறார்' என்றது. இரண்டும் மேற்கோள் காட்டியது அதே வாக்கியத்தை.

சந்தையில் ஆலிவ் விற்பவர் அவரைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார். "வாத்தியாரே, நீங்க நாட்டைப் பெருசாக்கினவரா, சின்னதாக்கினவரா?"

"மொழிபெயர்த்தவன்."

"அது தெரியும். ஆலிவ் குடுக்கலாமா வேண்டாமானு முடிவு பண்ணணும்ல!"

பெர்லா குறுக்கே வந்தாள். "குடுப்பா. எங்க பால்கனியில பாதி சைக்கிள்காரன்கிட்ட இருக்கு. அதை மீட்க முடியாத மனுஷன் எகிப்தையா பிடிப்பாரு?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அள்ளிப்போட்டார். நெஹோராய் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைபேசி அடித்தால் பெர்லாவைப் பார்ப்பார்.

கடைசியில் ஓஃபிரா ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் பிரெஞ்சாக்காமல் நஹல் என்றே விட்டுவிடுவது. புத்தகத்தின் வரைபடத்தில் சர்ச்சைக்குரிய மூலைமேல் ஒரு பெரிய ஒட்டகத்தை வரைந்து மறைத்துவிடுவது.

குழு மறுபடி கூடியது. ஒட்டகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ரப்பி விசாரித்தார். வடக்கே பார்க்கிறது என்றாள் ஓஃபிரா.

"அப்போ பின்வாங்கறோம்னு அர்த்தம்."

"தெற்கே திருப்பினா படையெடுக்கறோம்னு அர்த்தம்," என்றார் கர்னல். அன்றைக்குத்தான் இருவரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் மதிப்போடு பார்த்தார்கள். முடிவில், வாசகரைப் பார்த்தபடி கால் மடக்கிப் படுத்திருக்கும் ஒட்டகம் ஏகமனதாக நிறைவேறியது.

எழுந்து போகும்போது ஓஃபிரா சொன்னாள்: "அப்புறம் வாத்தியாரே, எல்லை ஏறுது, இறங்குதுனு எழுதியிருக்கீங்க. குழந்தைங்க குழம்பும். எல்லா இடத்திலயும் 'அமைந்துள்ளது'னு போட்டுடறேன். தோளையும் சரிவுனு மாத்திடலாம்."

ஒரு மாதமாகத் தலைகுனிந்திருந்த மனிதர் அப்போதுதான் மேசையில் தட்டினார். டீ சிந்தியது.

"ஒட்டகம் உங்களுக்கு. நஹலும் உங்களுக்கு. வினைச்சொல் என்னுது. அதுல கை வெச்சா என் பேரை எடுத்துட்டு ஒட்டகத்தோட பேரைப் போட்டுக்கங்க."

வினைச்சொற்களுக்காக யாரும் பத்திரிகைக்குப் போவதில்லை. குழு தோளைக் குலுக்கியது, கர்னலின் வண்டிக்கு வேறு நேரமாகிவிட்டது. எல்லா வினைகளும் தப்பின.

புத்தகம் வந்து சில மாதங்கள் கழித்து, மார்செயிலிருந்து குடியேறிய ஒரு தாய் அலுவலகத்துக்கே வந்து நின்றாள். முகத்தில் கோபம். அன்றைக்கு அங்கே வந்து உட்கார்ந்திருந்த நெஹோராயை நான்தான் காட்டினேன்.

"நீங்கதானே எல்லைக்காரர்? என் பொண்ணு உங்க புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு வீடு பூரா நடக்கறா. சோபாமேல ஏறறா, மேசையைச் சுத்தி வளையறா, குளியலறையில போய் முடியறா. அதுதான் கடலாம். இப்போ அவ தம்பி கட்டில் அவ பங்குக்குள்ள வந்துடுச்சாம். அவன் ஹால்ல தூங்கறான். அடுத்த பதிப்புல எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்!"

நெஹோராய் எழுந்து, தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். சந்தோஷத்தில் அவர் காது சிவந்திருந்தது. அதை மறைக்க முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"அதுக்குக் குழுவைக் கூட்டணும் மேடம்," என்றார். "பையனுக்கு ஹால்ல நல்ல மெத்தையா போடுங்க. நாளாகும்."