ஆரியசாலையில் பனி விற்ற கதை

நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, என்னிடம் வாங்குகிறவர்களும் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. ஆரியசாலையில் என் ஃபேன்ஸி கடை. டிசம்பர் பிறந்தால் ஸ்னோ குளோப் வரும். தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குண்டு, உள்ளே ஒரு வீடு, ஒரு மரம். குலுக்கினால் வெள்ளைப் பொடி பறந்து இறங்கும். கண்ணாடிச் சாமான் விற்றுக் கைநடுக்கம் பிடித்த என் சக வியாபாரிகளே, நீங்கள் பட்டதுதான் நானும் பட்டது. கேளுங்கள்.

ஒழுகுமா?

கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஒரு மாமி வந்தார். மகனோடு வேலை பார்க்கிறவருக்குப் பரிசு கொடுக்கணுமாம். மேசையில் இருந்த இருபதையும் ஒவ்வொன்றாகக் குலுக்கினார். அதோடு விட்டால் பரவாயில்லை. தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றி, தலைப்பு நனைந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்தார். மேசை முழுக்கப் பனிப் புயல். "எல்லாம் ஒரே சரக்குதான் மாமி" என்றேன். மாமி நிமிரவேயில்லை.

"வீடு பாக்கப் போனா மழையில போகணும் அண்ணாச்சி. ஒழுகறதா இல்லையான்னு அப்பத்தானே தெரியும்."

மருமகள் பொருள்

அந்த வாரமே வித்துராவிலிருந்து தேவசகாயம் வந்தார். எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரி வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். துண்டைப் பிரித்து ஒரு குளோபை மேசையில் வைத்தார். கனத்த கண்ணாடி, நம் சரக்கு இல்லை. உள்ளே ஒரு சர்ச், பாதித் தண்ணீரில் வெள்ளம் வந்த மாதிரி நின்றது.

மருமகள் ஷீபா கல்யாணத்துக்கு முன்னால் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். வந்த அன்றைக்கே டிவி ஸ்டாண்டில் வைத்து, இதை மட்டும் யாரும் தொடவேண்டாம் என்றாளாம். அந்தப் பெண் இந்த வீட்டில் போட்ட சட்டமே அது ஒன்றுதான். இவர், அவள் வேலைக்குப் போனதும் தினம் ஒரு தடவை எடுத்துக் குலுக்கிவிட்டு வைத்திருக்கிறார். அடியிலிருந்த ரப்பர் மூடி நெகிழ்ந்துவிட்டது. இப்போது அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் வருகிறாள். அதற்குள் பழையபடி ஆகவேண்டும்.

"மகன் அறிஞ்சா சத்தம் போடுவான், அது போகட்டும். அவ ஒண்ணும் சொல்லமாட்டா அண்ணாச்சி, அதுதான் எனக்குத் தாங்காது."

முருகேசன் யோசனை

தண்ணீரை ஊற்றி மூடினால் போதாதா என்பீர்கள். முந்தின வருஷம் ஒழுகி மிஞ்சிய நாலு குளோபில் நானும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினவன்தான். ஓணத்துக்குள் நாலும் பாசி பிடித்து, உள்ளே இருந்த வீடு குளத்தில் முங்கினதுபோல் ஆனது. அடுத்த கடை முருகேசனுக்குத் தேங்காய் எண்ணெய் வியாபாரம். "எண்ணெய ஊத்தும் வே, எந்தக் காலத்துலயும் பாசி வராது" என்றார்.

ஊற்றினோம். அப்படி ஒரு பனி எந்தக் குளோபிலும் பெய்து நான் பார்த்ததில்லை. தண்ணீரில் பொலபொலவென்று விழுகிற பொடி, எண்ணெயில் இறங்க மனசில்லாமல் ஆடி ஆடி இறங்கியது. சர்ச்சுக்குச் சாயங்கால வெயில் அடித்த மாதிரி ஒரு மஞ்சள் வேறு. மூடியை இறுக்கிப் பத்து நாள் அலமாரியில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. முருகேசன் தினமும் வந்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போவார்.

"வெளிநாட்டுக்காரனுக்குத் தேங்கா கிடைக்கல்ல, அதனால தண்ணிய ஊத்தி ஒப்பேத்துகான்."

கிறிஸ்மஸ் ஃபிரெண்ட்

இங்கே ஆபீஸ்களில் டிசம்பரில் பெயர் எழுதிச் சீட்டுப் போடுவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் கிறிஸ்மஸ் ஃபிரெண்ட். கேக் வெட்டுகிற அன்றுதான் பரிசு யார் கொடுத்தது என்பது வெளியே வரும், அதுவரை பரம ரகசியம். பக்கத்து ஆபீஸிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் தெருவைத் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "நான் வந்தது யாரும் அறியண்டா" என்றார்கள். எல்லோருக்கும் அலமாரியிலிருந்த எண்ணெய்ப் பனி மேலேதான் கண். அது ஒரு மாமனாருடைய மானம், விற்பதற்கில்லை என்று சொல்லி, ஆளுக்கொரு தண்ணீர்க் குளோப் கட்டிக் கொடுத்தேன். ரகசியத்தை உயிர்போலக் காத்தேன்.

கேக் வெட்டின அன்று ஒன்பது பேர் ஒன்பது பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள். ஒன்பதிலும் அதே வீடு, அதே மரம். மறுநாள் அவர்களுடைய சூப்பிரண்டு அம்மா கடைக்கு வந்தார். கோபமாகவும் இல்லை.

"ரகசியம் காத்தது சரி அண்ணாச்சி. ஒரு ஆளுக்காவது இதுக்குப் பதிலா ஒரு குடையைக் காட்டியிருக்கலாமில்லே?"

காலை ஏழு மணி

தேவசகாயம் இருபத்து மூன்றாம் தேதி வந்து குளோபை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். வித்துரா, பொன்முடி மலைக்குப் போகிற வழி. மார்கழி விடியலில் அங்கே எண்ணெய் பாட்டிலைக் கரண்டிக் காம்பால் குத்தித்தான் எடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அறுபது வருஷமாகத் தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்க்கிறவனும், அதையே விற்றுப் பிழைக்கிறவனும் சேர்ந்து உட்கார்ந்து மறந்திருக்கிறோம்.

உள்ளே இருந்த சர்ச் காணோமாம். உருண்டை முழுக்க ஒரே வெள்ளைக் கட்டி. ஷீபா எட்டு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். வெயிலில் வையுங்கள் என்றேன். இங்கே வெயில் வர ஒன்பதாகும் என்றார். வெந்நீரில் வைக்கலாமா என்றால், கண்ணாடி வெடித்துப் பொட்டிவிட்டால் என்ன செய்ய என்றார். அப்படியானால் மடியில் வைத்துப் போர்வையைப் போர்த்துங்கள், உடம்புச் சூட்டிலாவது உருகட்டும் என்றேன்.

"மடியிலதான் இருக்கு அண்ணாச்சி. அஞ்சரையில இருந்து அடைகாக்குறேன், கோபுரத்து மேல குருசு மட்டும்தான் வெளிய வந்திருக்கு."

ஷீபா

பிறகு போன் வரவில்லை. நானாகக் கூப்பிடவும் தைரியமில்லை. பண்டிகை கழிந்து கடை திறந்த அன்று ஷீபாவே வந்தாள், கையில் அதே குளோப். மாமனார் பின்னால் நின்று பிளாஸ்டிக் பூக்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை வந்த முருகேசன், குளோபைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பினார்.

"இதில என்னா ஒழிச்சீங்க?" என்று கேட்டாள், என்ன ஊற்றினேன் என்று. சொன்னேன். எண்ணெயை வடித்து, தண்ணீரும் கிளிசரினும் சேர்த்து நிரப்பித் தருகிறேன், இதற்கு அதுதான் மருந்து என்று இப்போதுதான் விசாரித்தேன் என்றேன். வேண்டாம் என்றாள். அன்று அவள் உள்ளே நுழைந்தபோது இவர் போர்வைக்குள் குளோபோடு உட்கார்ந்திருந்தாராம். ஒளிக்கவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். சர்ச்சுக் கதவு தெரிகிறவரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மூடியை மட்டும் இன்னும் கொஞ்சம் பலமாக இறுக்கித் தரச் சொன்னாள், பப்பா இனியும் குலுக்குவாராம். மாமனாரைத்தான் பப்பா என்கிறாள்.

அவர் தொடுவது உனக்கு முன்னாலேயே தெரியுமா மகளே என்று கேட்டேன். பூக்களுக்குப் பின்னாலிருந்த தலை நிமிர்ந்தது.

"ஸ்டாண்டில எல்லாத்துலயும் தூசி இருக்கும் அங்கிளே, இதுல மட்டும் ஒருநாளும் கிடையாது. சொன்னா பப்பா நிறுத்திடுவார், பிறகு நான்தானே துடைக்கணும்?"

இப்போதெல்லாம் குளோப் ஒழுகுகிறது என்று யார் வந்தாலும், வீடு மலையிலா கீழேயா என்று கேட்டுவிட்டுத்தான் நான் மூடியில் கை வைக்கிறேன்.