வந்த விபூதியெல்லாம் என் நெற்றிக்கு

மகள் பிறந்த அன்று நான் செருப்பைத் தொலைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் விட்டேனா, கோயில் வாசலில் விட்டேனா என்று இன்றுவரை தெரியாது. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்து, "பொண்ணு சார், மூணு கிலோ" என்று சொன்னதுதான் தெரியும். அதற்குப் பிறகு நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம். "இன்னா, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்காத ஆள் திருவண்ணாமலையில் பாக்கி இல்லை. அத்தனை பேருக்கும் அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மாவட்டம் தனியாகப் பிரிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீஸுக்குப் போன் போட்டு நான் கத்திய கத்தலில், பூத்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து, "போன் இல்லாமயே கேட்டிருக்கும் சார்" என்றார். அவருக்கும் ஒரு சாக்லேட் கொடுத்தேன். அடுத்த ஓட்டம் கோயிலுக்கு. குருக்கள் விபூதி கொடுத்தபோது இரண்டு கையையும் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்க சாமி, பொண்ணு பொறந்திருக்கா" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார். சட்டைப்பையில் கிடந்த ஆபீஸ் காகிதம் ஒன்றில் மடித்து வைத்துக்கொண்டேன்.

சிசேரியன் என்பதால் என் மனைவி ஒரு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். துணைக்குப் போளூரிலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர். கேன்டீனிலிருந்து வெந்நீர் வாங்கி வருவது, துணி அலசுவது, தங்கையை எழுப்பி உட்காரவைப்பது, எல்லாம் அவர்தான். குழந்தையைப் பார்ப்பதும் சிரிப்பதும் மட்டும் என் வேலை.

இரண்டாம் நாள் மத்தியானம். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வெந்நீருக்குப் போயிருந்தார். முதல்முறையாக நானும் என் மகளும் தனியாக இருந்தோம். பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் ஒரு கீற்று வைத்தேன். சின்ன நெற்றி, என் சுண்டுவிரலே அதற்குப் பெரிதாக இருந்தது. துணி விலகியிருந்தது. வயிற்றில் கிளிப் போட்ட தொப்புள்கொடி ஈரமாக, பார்க்கவே பாவமாக இருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று அதன் மேலும் ஒரு சிட்டிகை தூவிவிட்டேன்.

இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் ஊரில் தலைவலிக்கும் விபூதி, பரீட்சைக்கும் விபூதி. குழந்தை வீறிட்டு அழுதால் விபூதி, அழாவிட்டாலும் விபூதி. நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. விபூதி வைத்ததையெல்லாம் யாராவது ஒரு சேதியாகச் சொல்வார்களா?

நாலாம் நாள் காலையில் நான் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே நுழையும்போதே மனைவியின் முகம் சரியில்லை. "பால் குடிக்க மாட்டேங்கறா. எழுப்பினாலும் எழுந்துக்க மாட்டேங்கறா" என்றாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

குழந்தை டாக்டர் ஐம்பது வயது அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணியை விலக்கிப் பார்த்தார். தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. "இன்ஃபெக்‌ஷன். ரத்தத்துல ஏறிடுச்சான்னு டெஸ்ட் பண்ணணும். இப்பவே குழந்தைங்க வார்டுக்கு மாத்தறேன்" என்றார்.

"பொழச்சிக்குவா இல்ல டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"சீக்கிரமே பாத்துட்டோம்மா. ஆனா பச்சக் கொழந்த. ரெண்டு நாள் போவட்டும், சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. அது என் பிறவிக் குணம். நர்ஸைப் பார்த்து, "உங்க ஆஸ்பத்திரில சுத்தமே இல்ல" என்று ஆரம்பித்தேன். அவர் குழந்தையைத் தூக்கத் தயாரானார். அந்தக் கோபம் போக இடமில்லாமல் அக்கா மேல் திரும்பியது.

"நேத்து தொடைக்கும்போது நான் பாத்தேன். எண்ணெக் கையோட புள்ளயத் தொட்டீங்க. உங்க கைவைத்தியத்தையெல்லாம் இங்க யாரு காட்டச் சொன்னது?"

வார்டில் இருந்த எட்டுக் கட்டிலும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "நான் தலைக்குத்தான் தம்பி வெச்சேன். தொப்புளாண்ட என் கையே போவல" என்றார். அப்போதும் நான் விடவில்லை. "பின்ன யாரு வெச்சா? ஆகாசத்துலேர்ந்து வந்துச்சா?" என்றேன்.

டாக்டர் கையை உயர்த்தினார். "சண்டைய அப்புறமா போடுங்க. தொப்புள்ல யாராவது ஏதாவது வெச்சீங்களா? எண்ண, மஞ்சள், சாம்பல், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். சாணிச் சாம்பல்னா வேற ஊசியும் சேத்துப் போடணும். அதுக்குத்தான் கேக்கறேன். மறைச்சீங்கன்னா ஆபத்து புள்ளைக்குத்தான்."

நான் அக்காவையே முறைத்துக்கொண்டிருந்தேன், சொல்லட்டும் என்று. சாம்பல் என்ற வார்த்தை ஒரு நிமிஷம் கழித்துத்தான் எனக்குள் இறங்கியது. விபூதியைச் சாம்பல் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் நினைத்தேன். எட்டுக் கட்டில் பார்க்க அவ்வளவு கத்திவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கீழே குழந்தை வாயைத் திறந்தாள். அழப் போகிறாள் என்று பார்த்தேன். சத்தமே வரவில்லை.

"நான்தான் டாக்டர்" என்றேன். "விபூதி. முந்தாநாள் மத்தியானம்."

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். விபூதியோடு ஒரு பஸ் டிக்கெட், கொஞ்சம் பொடி நூல், ஒரு பாக்குத் துண்டு. திட்ட மாட்டேன் என்று சொன்னது போலவே அவர் திட்டவில்லை. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் அவர் நெற்றியில் மெலிதாக ஒரு கீற்று இருந்ததைப் பார்த்தேன்.

"நானும்தான் டெய்லி வெச்சிக்கறேன். நெத்தியில. அது நெத்தியோட நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, சீட்டில் இன்னொரு ஊசியின் பெயரை எழுதினார்.

என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அக்கா வெந்நீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் நான் சோறு தின்றேனா, தூங்கினேனா, எதுவும் சொல்லத் தெரியாது. குழந்தைகள் வார்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பல்புக்குக் கீழே என் மகள் கிடந்தாள். கையில் சின்ன ஊசி, அது அசையாமலிருக்க ஒரு அட்டை. மூன்றாம் நாள் காலை டாக்டர் வெளியே வந்து, "ஜுரம் கம்மியாயிருக்கு" என்றார். அவ்வளவுதான், எனக்கு மறுபடி காலில் சக்கரம். என் மனைவியிடம் ஓடி, "ஜுரம் கம்மி!" என்றேன். அன்றைக்கு நான் கத்தியதிலிருந்து என்னோடு பேசாத பக்கத்துக் கட்டில் அம்மாவிடமும், "ஜுரம் கம்மிம்மா!" என்றேன்.

அன்று மாலை பாலாடையில் பால் கொடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் சொட்டுச் சொட்டாக விட்டார். அவள் விழுங்கினாள். நானும் கூடவே விழுங்கினேன். "அஞ்சு மில்லி குடிச்சிருக்கு" என்றார் நர்ஸ். வராந்தா முழுக்க, "அஞ்சு மில்லி! அஞ்சு மில்லி!" என்று நான் சொல்லிக்கொண்டு போனேன். அடுத்த வேளை எட்டு, அதற்கடுத்து பன்னிரண்டு. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல வாட்ச்மேன், "இப்போ எவ்வளவு சார்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? எல்லார் கையிலும் ஒரு பொட்டலம். எங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் காலைப் பூஜை விபூதி கொண்டுவந்தார். டீக்கடைக்காரர் பௌர்ணமிக்கு மலை சுற்றிய கையோடு வழியிலுள்ள எட்டு லிங்கத்து விபூதியும் கொண்டுவந்தார். எங்கள் பால்காரர் அடி அண்ணாமலைக்காரர். "எங்க ஊரு கோயிலுது சார், பவர் ஜாஸ்தி" என்றார். ஒவ்வொருவரும், "கொழந்தைக்கி வெச்சி உடுங்க" என்றார்கள்.

நான் வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எமனே வந்தாலும் கைகழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்கிற மாதிரி. ஒருவரையும் விடவில்லை. எல்லாரும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம். விபூதியை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது, தரையில் கொட்டவும் கை வராது. அதனால், "கொழந்தைக்கு வேணாம், எனக்கு வைங்க" என்று தலையைக் குனிந்து காட்டினேன். சூப்பரின்டென்டென்ட் வைத்தார், டீக்கடைக்காரர் வைத்தார், பால்காரர் வைத்தார். மத்தியானத்துக்குள் புருவமெல்லாம் வெள்ளை. தும்மினால் புகை வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்து, "இன்னா சார் இது, பூஜ ரூமாட்டம்" என்று சிரித்தார். அன்றைக்குக் கத்தியதற்கு அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க, மன்னிக்கறேன்" என்றார்.

அக்காவிடம் மட்டும் கேட்க முடியவில்லை. கேட்பதற்கு அவர் வழியே விடவில்லை. வேளை தவறாமல் எனக்கும் சாப்பாடு வந்தது. ஆனால் நான் ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே தங்கையிடம், "அவர சாப்பிடச் சொல்லு" என்பார். நானும் மனைவியிடம், "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பேன். என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஊசி ஆரம்பித்த ஆறாம் நாள், ஊசி போடும்போது மகள் வீறிட்டாள். சாதாரண அழுகை இல்லை. வார்டே அதிர்ந்தது. வாசலில் நாற்காலியிலிருந்து நான் துள்ளி எழுந்தேன். இத்தனை நாளாகச் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்தவள், இப்போது கோபத்தில் சிவந்து, காலை உதைத்துக் கத்துகிறாள். "என் பொண்ணு! என் கோவம் அப்படியே இருக்கு!" என்று நான் கத்தினேன். டாக்டர் வெளியே வந்து, "கொழந்தையும் கத்துது, நீங்களும் கத்தறீங்க. இனிமே பயமில்ல, போய் ஒக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். கண்ணாடியெல்லாம் விபூதி.

அன்று சாயங்காலமே மனைவியிடம் கொடுத்தார்கள். சப்புக் கொட்டிக் குடித்தாள்.

பத்து நாள் ஊசி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் காலை. வாசலில் ஆட்டோ நின்றது. நர்ஸ் குழந்தையைப் புதுத் துணியில் சுற்றி, "அப்பாதானே தூக்கணும், வாங்க சார்" என்று நீட்டினார். குழாயில் முழங்கை வரைக்கும் கழுவிய கை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாளாக அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் கை நீளவில்லை.

அக்கா பின்னால் பையை மூடிக்கொண்டிருந்தார். "நீங்க தூக்கிட்டு வாங்கக்கா" என்றேன். அவர் நிமிரவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் பேசினேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன். உங்க கை சுத்தமான கை. என் புள்ளய நீங்கதான் வீட்டுக்குத் தூக்கிட்டு வரணும்."

அக்கா பையை வைத்துவிட்டு நேராகக் குழாய்க்குப் போனார். நிதானமாக, விரல் விரலாகக் கழுவினார். திரும்பி வந்து குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வழக்கம்போலத் தங்கை மூலமாகத்தான் பேசுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

தங்கையிடம், "என் இடுப்புல ஒரு பொட்டலம் இருக்கு பாரு" என்று எடுக்கச் சொல்லி, அதில் ஒரு விரலைத் தொட்டுக்கொண்டார். குழந்தையின் பக்கம் அந்தக் கை போகவே இல்லை.

"நெத்தியக் காட்டுங்க தம்பி" என்றார்.

நான் குனிந்தேன். ஒரு கீற்று வைத்துவிட்டு, தூள் என் கண்ணில் விழாதபடி உள்ளங்கையால் மறைத்து, மெதுவாக ஊதிவிட்டார்.