சங்கு ஊதியதும்

கம்பெனியின் சாயந்திரச் சங்கு ஊதியது. அக்காவும் தம்பியும் பால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடினார்கள். நாங்கள் இவர்களைத் தத்தெடுத்து வந்த நாளிலிருந்து தினமும் இப்படித்தான். கம்பெனி வேலைக்குப் போய்வந்த அவர்களுடைய அம்மா இறந்து ஒரு வருஷமாகிறது. பிள்ளைகளிடமும் சொல்லியாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தால் டொராண்டோவுக்குக் கிளம்பிவிடலாம். அதுவரை, அவர்களுக்கும் எனக்கும் பழகிய ஊர் என்று கும்மிடிப்பூண்டியிலேயே வீடு எடுத்திருக்கிறேன். 'போகப்போகச் சரியாகிடும்' என்கிறார் கணவர், அங்கிருந்து போனில். இங்கே ஒரு சாயந்திரத்தைக் கடப்பதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

சின்ன வயதில் இந்தச் சங்குக்கு நானும் ஓடியிருக்கிறேன். அப்பாவுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. சைக்கிள் தெருமுனை திரும்பும் முன்பே டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் உருளும் சத்தம் கேட்டுவிடும். சட்டையெல்லாம் சுட்ட இரும்பு வாசனை. முகம்கூடக் கழுவாமல் பாக்ஸை என்னிடம் நீட்டுவார். கேன்டீனில் கொடுத்த பன் அதில் இருக்கும், அவர் தின்னாமல் எனக்கென்று வைத்தது, குழம்பு வாசனையோடு.

வேறு வழி தெரியவில்லை. டிபன் பாக்ஸில் ஒரு பன்னும் ஸ்பூனும் போட்டு, பின்கதவு வழியாகப் போய்த் தெருவைச் சுற்றி, அதை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கு வந்தேன். சத்தம் கேட்டுத் தம்பி எட்டிப் பார்த்தான். பாக்ஸை வாங்கித் திறந்து மோந்து பார்த்தான். பிறகு மூடி, மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாப்பிடுப்பா," என்று கெஞ்சினேன்.

அக்கா என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க உள்ள போங்க ஆன்ட்டி. எங்கம்மா வந்துக்கினு இருக்கும். அது பிச்சிக் குடுக்கும்."