ஐஸ் பெட்டிக்கு எடுத்த படம்

கல்லடியில் மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு ஐஸ் பெட்டிகள் கேட்டு, கொழும்பு நிதியம் ஒன்றுக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன். அந்த நேரம் எழுதத் தெரிந்த ஆளாக அவர்கள் கையில் அகப்பட்டது நான்.

சங்கத்தின் படமும் வேண்டும் என்றார்கள். படம் என்றதும் எல்லோரும் கலியாணச் சேலை உடுத்து, பவுடர் பூசி, பூ வைத்து வாவிக்கரையில் வந்து நின்றார்கள். எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் நிதியத்தின் அலுவலர் தொலைபேசியில் பேசினார். "கஷ்டப்பட்ட ஆக்கள் மாதிரித் தெரியல்லையே. வேலை உடுப்போட, சிரிக்காம இன்னொண்டு எடுங்க. இல்லாட்டி மேல உள்ளவங்க விண்ணப்பத்தத் தள்ளிருவாங்க."

பெட்டி இல்லாவிட்டால் மத்தியானத்துக்கு மேல் மீன் பழுதாகிவிடும். அதனால் தலைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"மீன் பழுதாகுதெண்டு எழுதிட்டாய்தானே, மனே?"

"ஓம் மாமி."

"அது காணும், போதும். சிரிக்காத படம் வேணுமெண்டா என்ட அடையாள அட்டையில கிடக்கு, அத அனுப்பு."

நானும் பட்டினி கிடந்த ஊர்களில் தலை சீவாமல் வெளியே போனதில்லை. எங்களிடம் இருப்பது இந்தப் படம்தான் என்று ஒரு வரி எழுதி, கலியாணச் சேலைப் படத்தையே திரும்ப அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அடுத்த நிதியத்துக்கும் இதுதான் போகும்.