எதிர்வீட்டு அலாரத்துக்குக் குல்லாய்

தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொஸைட்டிக்காரர்களுக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. தீ என்பது பூஜை புனஸ்காரம் இல்லாத வீடுகளில்தான் பிடிக்கும். நான் ஓர் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கருகிப்போன வீடுகளின் படங்களைப் பார்ப்பதுதான் எனக்கு அங்கே உத்தியோகம். எத்தனையோ படங்களில் சுவரில் சாமி படமும் சேர்ந்தே கருகியிருக்கும். இதைச் சொன்னால், "நாளும் கிழமையுமா அபசகுனமாப் பேசறேளே மாமி" என்பார்கள். இவர்களுக்கு எந்த நாள்தான் நாள் கிழமை இல்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்குத் தீ பற்றி இவ்வளவு கவலை வந்ததற்குக் காரணம் என் கணவர். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும், அதுவும் வந்தால் உண்டு. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே ஒரு கையால் பிடிக்கும் வாக்கர். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவரைக் கீழே இறக்க வேண்டுமென்றால் நான் ஒரு படி முன்னால் நிற்க, அவர் கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்குவார். படிக்கட்டு காலியாக இருந்தால் இது நடக்கும். ஏதாவது ஆனால் இந்த மனுஷரை எப்படி வெளியே கொண்டுபோவேன் என்ற ஒரே கேள்விதான் எனக்கு.

படிக்கட்டு காலியாக இல்லை. எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவே, சரியாகப் படி இறங்கும் இடத்தில், ஓர் இரும்புக் கூலர் நின்றது. தில்லி வெயிலுக்கு ஜன்னலில் மாட்டுவார்களே, வைக்கோல் தட்டி வைத்து, அந்தப் பழைய காலத்து ராட்சசக் கூலர். குளிர்காலம் வந்ததும் அதைக் கழற்றி வெளியே தள்ளி, உள்ளே பழைய பேப்பர் கட்டுகளை அடைத்து, மேலே செருப்புகளை அடுக்கிவிடுவார்கள். ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். வாக்கர் போகாது.

கூலருக்குச் சொந்தக்காரரான எதிர்வீட்டுக்காரர்தான் சொஸைட்டியின் தலைவர். ஜாயின்ட் செகரட்டரியாக ஓய்வுபெற்றவர். ஒரு காலத்தில் என் கணவர் அவர் கீழே செக்ஷன் ஆபீசராக இருந்தார். பக்கவாதம் வந்த பிறகும், அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் என் கணவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்டோபரில் பக்கத்து பிளாக்கில் ஒரு ஏசி எரிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சொஸைட்டிக்கு ஞானோதயம் வந்துவிட்டது. தலைவர் வீடு வீடாகத் தீ பாதுகாப்புச் சோதனை என்று அறிவித்தார். தலைவரையும் சேர்த்து ஓய்வுபெற்ற மூன்று பெரிய மனிதர்கள், பட்டப்பகலில் கையில் ஒரு டார்ச் லைட். எங்கள் வீட்டில் கேஸ் ட்யூபை அழுத்திப் பார்த்தார்கள். ஒரே பிளக்கில் ஃப்ரிட்ஜையும் மைக்ரோவேவையும் மாட்டுகிறவர்கள் யார் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் மூன்று பேரும் கை தூக்கியிருக்க வேண்டும். உட்கார்ந்தார்கள். காபி குடித்தார்கள். டிகாக்ஷன் எப்படி இறக்குகிறேன் என்பதைத்தான் தீர விசாரித்தார்கள்.

நான் வாசலைத் திறந்து கூலரைக் காட்டினேன்.

"ஏப்ரல் வந்தா உள்ளே போயிடும் மாமி," என்றார் தலைவர்.

"நெருப்பு ஏப்ரல் வரைக்கும் காத்துண்டிருக்குமா?"

"உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்." மூன்று பேரும் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்த என் கணவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். சார் சிரித்தால் இவரும் சிரிக்க வேண்டும், அது அவர் உடம்பில் ஊறிய பழக்கம்.

கீழே மாடிப்படி அடியில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று உண்டு. யாரும் திருடிக்கொண்டு போகக் கூடாது என்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி தலைவர் வீட்டுப் பீரோவில், மூன்றாம் மாடியில். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசிப்பதற்கு ஒருவர் கவர்ன்மென்டில் எத்தனை வருஷம் இருந்திருக்க வேண்டும் என்று நான் வியப்பதுண்டு.

பிறகு புகை அலாரம் வந்தது. மொத்தமாக வாங்கி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். மாட்ட வந்த ஆள் யார் எங்கே விரலைக் காட்டினாலும் அங்கே மாட்டினான். கீழ்வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே. தினமும் கடுகு வெடிக்கும்போது அதுவும் அலறியது, ஒரே வாரத்தில் பேட்டரியைப் பிடுங்கிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டார்கள். இரண்டாம் மாடியில் மின்விசிறிக்குப் பக்கத்தில், புகை வந்தாலும் காற்று அதை அண்ட விடாது. தலைவர் வீட்டில் முன் ஹாலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி. படுக்கை அறையில் ஹீட்டர் வைப்பவர் அவர். ஆனால் விருந்தாளி படுக்கை அறைக்கா வருவான்?

என் வீட்டில் நான் சொன்ன இடத்தில் மாட்ட வைத்தேன். படுக்கை அறைக்கு வெளியே, நடையின் தாழ்ந்த கூரையில் நடுவாக ஒன்று. அவர் படுக்கும் அறையில் நானே வாங்கிய இன்னொன்று. சமையலறைக்குப் புகை அலாரம் ஆகாது, சூட்டை மட்டும் கவனிக்கும் வகை தனியாக இருக்கிறது, அதை வாங்கினேன். சனிக்கிழமை தோறும் துடைப்பக்கட்டையால் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது கத்தும். நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் கணவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "போறும்" என்பார். சொஸைட்டியில் எனக்கு அலாரம் மாமி என்று பெயர் வந்தது. பரவாயில்லை, அவர்களுக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர்கள் இதைவிட மோசம்.

கார்த்திகையில் தலைவருக்கு பீமரத சாந்தி வந்தது. எழுபது வயது நிறைவு. ஹாலில் ஹோமம். தில்லி சாஸ்திரிகள் காலத்தோடு ஓடுகிறவர்கள். ஹோமத்துக்கு வந்த சாஸ்திரிகள் பையில் தர்ப்பை, சமித்து, நெய்யோடு ஒரு கட்டு ஷவர் கேப்பும் இருந்தது. குளிக்கும்போது பெண்கள் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்தப் பிளாஸ்டிக் குல்லாய்.

"அலாரத்துக்குக் குல்லாய் போட்டாச்சா? இல்லேன்னா ஆஹுதி குடுக்கறச்சே கத்தும். ஜல்தி போட்டுடுங்கோ," என்று ஸ்டூல் மேல் ஓர் ஆளை ஏற்றினார். எங்கள் மாடிப்படியை ஒட்டிய வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த மிச்சம் மீதி அலாரங்களுக்கும் அன்றைக்குக் குல்லாய் விழுந்தது. என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் கதவைச் சாத்தி, ஹோமப் புகை வராமல் இடுக்கில் துண்டைச் செருகிவிட்டேன்.

ஹோமம் முடிந்தது. குல்லாய் இறங்கவில்லை. சில நாள் கழித்து நான் தலைவர் வீட்டு மாமியிடம் கேட்டேன். அந்த மாமி கெட்டவள் இல்லை, தன் கணவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதற்கென்றே பிறந்தவள்.

"அடுத்த மாசம் ருத்ர ஜபம் இருக்கு. தை மாசம் பேரனுக்கு ஆயுஷ் ஹோமம். எதுக்கு எடுத்து எடுத்து மாட்டணும்னு மாமா சொல்லிட்டார்."

ரோஜாப் பூப்போட்ட குல்லாயோடு அந்த அலாரம் ஹாலில் தொங்கியது. அவர்கள் வீட்டில் அந்த ஒரு சாமான்தான் அவர்களைக் காப்பாற்றக்கூடியது. அதன் கண்ணைக் கட்டிவிட்டு, ஆயுசு வேண்டும் என்று நெய்யை ஊற்றினார்கள்.

ஜனவரியில் பனிமூட்டம் போட்டது. தில்லியில் அந்த நாட்களில் துணி காயாது. நாங்கள் காயாத துணியைக் கட்டிக்கொண்டு தும்முவோம். தலைவருக்கு அது ஆகாது, பூஜைக்கு மடி வேஷ்டி வேண்டும். மடித் துணியை யாரும் தொடாதபடி உள்ளறையில் உயரக் கொடி கட்டி, கோலால் உலர்த்துவார்கள். அது காய வேண்டுமே? நேர் கீழே கம்பி சிவக்கும் ஹீட்டரை வைத்துவிட்டு அவர் ஹாலுக்குப் பூஜைக்குப் போய்விடுவார். உலகத்தில் வேறு எந்த ஜாதி மனுஷனும் இப்படித் தன் வீட்டைக் கொளுத்திக்கொள்ள மாட்டான்.

ஒரு நாள் காலை வேஷ்டி நழுவி ஹீட்டர் மேல் விழுந்தது. அதிலிருந்து மெத்தைக்குப் போயிற்று. ஹாலில் தலைவர் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். புகை வாசனையைத் தன் சாம்பிராணி என்றே நினைத்தாராம். இதை அவரே பிறகு எல்லோரிடமும் ஏதோ பக்தியின் உச்சம் போலச் சொன்னார். குல்லாய் போட்ட அலாரம் சும்மா இருந்தது. வாசல் கதவிடுக்கு வழியாகப் புகை எங்கள் வீட்டு நடைக்கு வந்து, என் அலாரம்தான் கத்தியது.

நான் கணவரை எழுப்பி நிறுத்தி, வாக்கரைப் பிடிக்க வைத்து, கதவைத் திறந்தேன். வெளியே சாம்பல் நிறப் புகை. எதிர்வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. நடுவில் கூலர். முட்டுக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், செருப்புகள்தான் உருண்டு விழுந்தன. கூலர் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீ போ."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இரண்டு வார்த்தையைச் சேர்த்துத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கா இந்த வார்த்தைகள்?

"வாயை மூடிண்டு திரும்புங்கோ," என்றேன். கதவைச் சாத்தினேன். ஈரத்துண்டை இடுக்கில் அடைத்தேன். தீயணைப்புக்குப் போன் போட்டுக்கொண்டே அவரைப் பின்பக்க பால்கனிக்கு நகர்த்தி, நடுவில் இருந்த கதவுகளையும் சாத்திவிட்டு, கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டி, கீழே இருப்பவர்களுக்குப் புரியும்படி "ஆக்! ஆக்!", தீ தீ என்று இந்தியில் கத்தினேன்.

கீழே பார்த்தால் தலைவர் நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. தலைவர் மார்போடு அணைத்திருந்தது பூஜைப் பெட்டியை. என் அலாரச் சத்தம் கேட்டு உள்ளறையைப் பார்த்தவர், தன் கூலரைத் தாண்டி ஒருக்களித்து இறங்கிப் போயிருக்கிறார். போகிற போக்கில் எங்கள் கதவை ஒரு தட்டு தட்டவில்லை. உள்ளே நடக்க முடியாத மனுஷன் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாதா? மேலே நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"மாமி, ஒண்ணும் பயப்படாதீங்கோ!" என்று கை காட்டினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தன் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் சாவியைக் கேட்டிருக்கிறான். சாவி பீரோவில், பீரோ புகைக்குள். செங்கல்லால் கண்ணாடியை உடைத்து சிலிண்டரை எடுத்து ஓடிவந்தான். தீயணைப்பு வண்டி வருவதற்குள் ஓர் அறையோடு தீ அடங்கிவிட்டது. எங்களுக்கு இருமல் மட்டும்.

கொஞ்ச நாளில் சொஸைட்டி வாட்ஸ்அப்பில் தலைவரின் செய்தி வந்தது. பகவான் கிருபையாலும் பீமரத சாந்தியின் பலத்தாலும் பெரிய ஆபத்து விலகியது, நன்றிக்காக ஒரு ஹோமம், அனைவரும் வருக. உடைந்த கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்பது பற்றியும் ஒரு வரி இருந்தது. உள்ளறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். கூலர் மட்டும் கரி படிந்து, கொஞ்சம் கறுப்பாக, அதே இடத்தில் நின்றது.

ஹோமத்தன்று அதே சாஸ்திரிகள் எங்கள் வாசலுக்கே குல்லாயோடு வந்தார். "ஒரு மணி நேரம்தான் மாமி." நான் வாயைத் திறப்பதற்குள், நடையில் நாற்காலியில் இருந்த என் கணவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். சாஸ்திரிகள் எதிர்வீட்டுக்குப் போனார். மந்திரம் ஆரம்பித்தது. என் கணவர் இடது கையால் கைத்தடியைத் தூக்கி, தலைக்கு மேலே இருந்த அலாரத்தின் பட்டனை அழுத்தினார். அழுத்திப் பிடித்தார்.

மந்திரம் நின்றது. தலைவர் பஞ்சகச்சத்தோடு வாசலுக்கு வந்தார்.

"என்ன மாமி, ரிப்பேரா?"

"இல்லை, நன்னா வேலை செய்யறது. உங்களைத்தான் கூப்பிடறார்."

தலைவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் எழுந்திருக்க முயலவில்லை. தடியை இறக்கி அதன் நுனியால் கூலரைக் காட்டினார். பிறகு மறுபடி மேலே தூக்கினார்.

"ஹோமம் முடியட்டும், நாளைக்கு..." என்று தலைவர் தொடங்கினார். மீதி அலாரத்தில் கேட்கவில்லை. பின்னால் விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். என் கணவரின் தடி இறங்கவில்லை. கடைசியில் தலைவர் உத்தரீயத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, இரண்டு மாப்பிள்ளைகளோடு கூலரைப் பிடித்தார். ஜாயின்ட் செகரட்டரி மூச்சு வாங்க, படிக்குப் படி இடித்துக்கொண்டு, அதைக் கீழே இறக்கினார். நான் ஒரு கை கொடுக்கவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் என் கணவர் தடியை ஊன்றி எழுந்து வாசலுக்கு வந்தார். கூலர் நின்ற இடத்தில் தரை சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அதைத் தாண்டிப் படிகள் தெரிந்தன. அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது கையால் என் தோளைப் பிடித்தார்.

"ரெண்டு... பேரும்... போலாம்," என்றார்.