முப்பத்தொன்பதாம் நம்பர் கட்டை

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தேயிலைப் பெட்டிக்குள். எண்பதுகளின் கடைசி. தம்பி அப்போது ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் டீமேக்கர். கொழும்புக்குத் தேயிலை ஏற்றிப்போன லொறி திரும்பி வரும்போது, காலிப் பெட்டி ஒன்றில் சாக்கைச் சுற்றி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். தம்பி பொஞ்சாதியின் அண்ணன் வெளிநாட்டில் வேலை செய்த ஆபீஸில் கழித்துப் போட்ட மெஷின். புத்தகம் ஒன்றும் கூட வரவில்லை.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நான் தம்பியோடுதான் இருந்தேன். அதற்கு முன் கொழுந்து எடுத்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் எழுத்து தெரியாது, நம்பர் மட்டும் தெரியும். யாராவது வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன். கம்ப்யூட்டரோ ஆள் இல்லை. அதை எவ்வளவு நேரமும் பார்க்கலாம், திருப்பிப் பார்க்காது.

சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையின் மூலையில் பச்சையாய் நம்பர் மளமளவென்று ஏறும். ஏறி முடிந்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம். பிறகுதான் அது தட்டையான பிளாப்பியை நறநறவென்று மெல்லத் தொடங்கும். எனக்கு அதைப் பார்த்தால் பெரட்டு ஞாபகம் வரும். விடியக்காலையில் பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்தி வைத்து, ஆள் ஆளாகக் கூப்பிட்டு, எல்லாரும் வந்தாயிற்று என்றால்தானே மலைக்கு அனுப்புவார்கள்? இதுவும் உள்ளே இருக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி பொஞ்சாதிக்கு டைப்பிங் தெரியும். ஹட்டன் டவுனில் ஒரு கம்பெனி, அடுத்த திங்கட்கிழமை வந்து கம்ப்யூட்டரில் அடித்துக் காட்டச் சொல்லியிருந்தது. அவளுக்கு அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை. தம்பிக்கு அரை மனசு.

"போ, அடிச்சிக் காட்டு. கெடச்சா சந்தோசம். கெடைக்கலன்னா வேலைக்குப் போற பேச்ச அதோட விட்டுறணும், சரியா?" என்றான்.

"சரிங்க" என்றாள். அன்றிலிருந்து சோறு தின்னும்போதுகூட இடது கை விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம்தான் ஆயுத பூசை வந்தது. பெக்டரியில் ரோலர், டிரையர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, மிச்சச் சந்தனக் கிண்ணத்தோடு தம்பி வீட்டுக்கு வந்தான். தையல் மெஷினுக்கு வைத்தான், அரிவாள்மனைக்கு வைத்தான், ரேடியோவுக்கு வைத்தான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

"ஏங்க, பன்னீர ஊத்திக் கொழச்சிருக்கீங்க, சொட்டுது."

"ரோலருக்கே வச்சாச்சு. இத விட்டா கோவிச்சுக்கும் புள்ள."

தட்டுகிற பலகையில் ஆர்மோனியம் மாதிரி வரிசை வரிசையாகக் கட்டைகள். எல்லாவற்றுக்கும் கீழே பெஞ்சு மாதிரி நீளமாக ஒன்று. இடம் தாராளமாய் இருந்ததால் அதில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் பொட்டும் வைத்தான். பூசையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

நம்பர் ஏறியது. 'பீப்' வரவேண்டிய இடத்தில் வேறு மாதிரி கத்தியது. திரையில் 39, கொஞ்சம் இடம் விட்டு 301. அவ்வளவுதான். பிளாப்பியை மெல்லவே இல்லை. அணைத்துப் போட்டாள். திரும்பவும் அதே 39, அதே 301.

"பனி ஏறிருச்சு போல" என்று தம்பி சொன்னான். அந்த மாசம் மழையும் மூடுபனியுமாய்த் துணிகூடக் காயவில்லை. அதனால் கரிச்சட்டியில் நெருப்பு போட்டு மேசைக்குக் கீழே வைத்தோம். எங்கள் பக்கம் எது நனைந்தாலும் அதுதான் வைத்தியம். அறை சூடானது. மெஷின் அதே நம்பரைக் காட்டியது. கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், நாட்டில் கலவரமும் கடையடைப்புமான அந்த நாட்களில் பஸ் ஓடும், ஓடாது, சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டது. அவள் ராத்திரி அழுதிருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது. பின்னால் இருக்கிற வயர்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பலகையின் வயரைக் கழற்றியிருந்தபோது ஒருமுறை சுவிட்சைப் போட்டாள். அப்போது 301 மட்டும் வந்தது. முன்னால் 39 இல்லை. வயரை மாட்டினாள், 39 வந்து நின்றது.

எனக்கு மனசுக்குள் குறுகுறுவென்றது. சொல்லலாமா, சிரிப்பார்களா?

"ஏம்மா, இன்னொருக்கா அந்த வயரக் கழட்டேன்."

"ஏன் அண்ணி?"

"சும்மா, பாக்கத்தான்."

கழற்றிச் சுவிட்சைப் போட்டாள். 39 போய்விட்டது. மாட்டினாள், வந்தது. அவளும் இப்போது திரையைப் பார்த்தாள்.

"அப்ப அந்த முன்னூத்தி ஒண்ணு பலகையச் சொல்லுதா, அண்ணி?"

"பலகைய மொத்தமாச் சொல்லுது. முப்பத்தொம்பது பலகைக்குள்ள ஒரு ஆளு போல இருக்கு. பெரட்டுல நம்பர் கூப்புடுற மாதிரி."

பெரட்டுக் கதையையும் சொல்லிவிட்டேன். தம்பி வாசலில் நின்று கேட்டுவிட்டான்.

"அப்ப அந்த ஆளுக்கு இன்னைக்கு அரைப்பேர் போட்டுறவா, அக்கா?" அரை நாள் சம்பளம்தான் என்று கிண்டல்.

"பேசாம நில்லுங்க" என்றாள் அவள். முதல் தடவையாக அவனை அதட்டினாள்.

மேல் வரிசையிலிருந்து இரண்டு பேரும் எண்ணிக்கொண்டே போய் முப்பத்தொன்பதாவது கட்டையைப் பிடித்தோம். அது நல்லாவே இருந்தது. அமுக்கினால் இறங்கி 'டக்'கென்று எழும்பியது. எங்கள் எண்ணிக்கை ஒன்று, அதன் எண்ணிக்கை வேறொன்று. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'டக்' காதில் நின்றது. "எல்லாத்தையும் அமுக்கிப் பாப்போமே, எது சத்தம் போடலேன்னு" என்றேன்.

ஒவ்வொன்றாய் அமுக்கினாள். டக், டக், டக். எல்லாம் பதில் சொல்லின. கடைசியில் அந்த நீளக் கட்டை. சத்தம் இல்லை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், ஒரு ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் இறங்கிக் கிடக்கிறது. எல்லாரும் கையை இறக்கின பிறகும் ஒரு ஆள் தூக்கின கையோடு நிற்கிற மாதிரி.

என் கொண்டை ஊசியைக் கொடுத்தேன். அவள் நெம்பினாள், கட்டை கையோடு வந்தது. அடியில் மஞ்சளாய்ச் சந்தனம், ஈரத்துணியில் கரைந்து ஓடி, கரி நெருப்பில் காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி.

அவள் கட்டையைத் தூக்கித் தம்பிக்குக் காட்டினாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"சாமி எங்க போய் ஒக்காந்திருக்குன்னு பாத்தீங்களா?"

"கரி நெருப்பு வச்சது ஆரு?" என்றான் அவன். "நீங்கதானே ரெண்டு பேரும்."

காய்ச்சலுக்கு நெற்றியில் போடுகிற ஓடிகொலோனைப் பஞ்சில் நனைத்து, கொண்டை ஊசி முனையில் சுற்றி, சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். அறை முழுக்கச் சந்தனமும் ஓடிகொலோனும் கலந்து கல்யாண வீட்டு வாசம். ஆனால் கட்டையைத் திரும்ப மாட்ட வரவில்லை. அடியில் ஒரு சன்னக் கம்பி, இரண்டு முனையும் இரண்டு கொக்கியில் ஒரே நேரம் விழ வேண்டும். அவள் ஒரு முனையை மாட்டினால் மறுமுனை கழன்றது. தம்பி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "தள்ளு புள்ள" என்று உட்கார்ந்தான். கம்பியை ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கம் கட்டைவிரலால் வளைத்துத் தள்ளினான். டக்.

அவள் சுவிட்சைப் போட்டாள். நம்பர் ஏறியது. ஏறி நின்றது. 'பீப்', ஒரே ஒரு தடவை. பிறகு நறநற.

பொழுது சாயும்வரை அடித்தாள். தம்பி தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை நல்லவேளை பஸ் ஓடியது. சாயங்காலம் அவள் மழையில் நனைந்து வந்தாள். தம்பி அதற்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணாந்தேதியிலிருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். "மொத பஸ்ல போகணும். இருட்டா இருக்கும், ரோட்டு வரைக்கும் நான் வர்றேன்" என்றான்.

அவள் குசினிக்கு வந்து தலை துவட்டும்போது நான் மெதுவாய்க் கேட்டேன், "அங்க உள்ள மெஷின்ல பெரட்டுக்கு எல்லாரும் வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க அண்ணி."

"அந்த நீளக் கட்டைக்கு முப்பத்தொம்பதுன்னு ஆரு நம்பர் குடுத்தான்னு அங்க கேட்டுப் பாரேன்."

"சேந்த மொத நாளே அதக் கேட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்று சிரித்தாள்.

பிறகு அவள் கேட்டாளோ என்னவோ. எனக்கு இன்னும் தெரியாது.